தள்ளுபடியில் வாங்கிய மழை ஜாக்கெட்: எங்கே நனைகிறது, ஏன் நனைகிறது, வைத்துக்கொள்வதா திருப்பித் தருவதா?

ஆடித் தள்ளுபடியும் இமயமலையின் மழைக்கால ட்ரெக்கும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. ஜூலை, ஆகஸ்டில் பூக்களின் பள்ளத்தாக்குக்கும் ஹம்ப்டா கணவாய்க்கும் கிளம்புகிறவர்களில் பலர், பாதி விலைக்குக் கிடைத்த ஜாக்கெட்டைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போய், வழியில் தங்கும் காங்கரியாவிலோ பாலு கா கேராவிலோ மழை பிடித்த பிறகுதான் முதன்முறையாகப் பிரித்து மாட்டுகிறார்கள். அங்கே குறை தெரிந்து என்ன பயன்? ஜாக்கெட் கைக்கு வந்த அன்றே, திருப்பித் தரும் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போதே, வீட்டுக் குளியலறையில் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

கண், விரல், மூக்கு போதுமான சோதனைகளை முதலில் முடியுங்கள்; தண்ணீர் பிறகு. நனைந்த துணியைத் திருப்பி வாங்க மறுக்கும் கடைகள் உண்டு, எனவே விதியைப் படித்துவிட்டுக் குழாயைத் திறங்கள். விலை அட்டையைக் கத்தரிக்காமல் ஒரு ஜிப்லாக் உறைக்குள் விட்டு, வாயில் ரப்பர் பேண்ட் போட்டுவிட்டால் அது நனையாது. திருப்பித் தர முடியாத சரக்கு என்று எழுதியிருந்தால் உலர் சோதனைகள் எல்லாவற்றையும் கடையிலேயே, பில் போடுவதற்கு முன்பே செய்யுங்கள்.

விலை நம்ப முடியாத அளவுக்கு இறங்கியிருக்கிறது

காரணம் இல்லாமல் யாரும் விலையை இறக்குவதில்லை. அந்தக் காரணம் துணிக்கு வெளியே இருந்தால் லாபம் உங்களுக்கு. துணிக்குள்ளே இருந்தால் கடைக்காரருக்கு.

நிறம் விலைபோகவில்லை, போன சீசன் மாடல், மிகச் சிறிய அளவும் மிகப் பெரிய அளவும் மட்டும் மிஞ்சின, யாரோ அளவு சரியில்லை என்று பிரித்துப் பார்த்துத் திருப்பிய பெட்டி: இவையெல்லாம் நல்ல காரணங்கள். ஊரில் போட்டுக்கொள்ளக் கூசும் அந்த ஆரஞ்சு நிறம்தான் மூடுபனியில் பின்னால் வருகிறவருக்குத் தெரியும். அதற்கும் சேர்த்துத் தள்ளுபடி என்றால் வேண்டாம் என்பானேன்.

சமீப ஆண்டுகளில் இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. வெளித்துணியில் நீர் ஒட்டாமல் உருண்டோட, நெடுங்காலமாக ஃபுளோரின் கலந்த வேதிப்பூச்சுதான் பூசப்பட்டு வந்தது. இயற்கையில் எளிதில் சிதையாத இந்தப் பொருள்களைத் துணிகளில் சேர்ப்பதைக் கலிபோர்னியா 2025 ஜனவரி முதல் தடை செய்தது. கடும் மழைக்கான மலை உடைகளுக்கு மட்டும் 2028 வரை அவகாசம். கோர்-டெக்ஸ் என்ற நீர்ப்புகாத் துணியைச் செய்யும் கோர் நிறுவனமும், வெளித்துணிக்கு அடியில் ஒட்டி நீரைத் தடுக்கும் மெல்லிய படலமான மெம்பிரேனில், 2022 முதல் ஃபுளோரின் சேராத புதிய வகைக்கு மாறத் தொடங்கியது. ஆகவே பழைய வகைச் சரக்கு கழித்துக்கட்டும் விலைக்கு வருகிறது. மழையைத் தடுப்பதில் அது சளைத்ததல்ல. எண்ணெய்ப் பிசுக்கைப் புதிய பூச்சைவிட நன்றாகவே தாங்கும். சுற்றுச்சூழலுக்காக வேண்டாம் என்பவர்கள் விலகட்டும், தரத்துக்காக விலக வேண்டியதில்லை.

கெட்ட காரணங்கள் இரண்டு. ஒன்று, கிடங்கில் ஆண்டுக்கணக்காகப் புழுங்கிய சரக்கு. இந்தியாவில் விற்கும் உடையின் அட்டையில் அதிகபட்ச விலைக்குப் பக்கத்தில் தயாரித்த அல்லது இறக்குமதி செய்த மாதமும் ஆண்டும் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். அதன்மேல் புதிய விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நகத்தால் மெல்ல நெம்பிப் பாருங்கள். மூன்று ஆண்டுக்கு மேல் பழையது என்றால், உள்பக்கத்தைப் பற்றிக் கீழே சொல்லியிருக்கும் சோதனையைத் தவறவே விடாதீர்கள். மற்றொன்று, வேறு வேலைக்குச் செய்த ஜாக்கெட்டை மலைக்கென்று தள்ளிவிடுவது. பைக் ஓட்டுகிறவர்களின் ரெயின் கோட் சொட்டு நீரை உள்ளே விடாது. வியர்வையையும் வெளியே விடாது. ஏற்றத்தில் அரைமணி நேரம் அதைப் போட்டு நடந்தால் குளித்தெழுந்த கதைதான்.

வாட்டர்ப்ரூஃப் என்று அட்டை சொல்கிறது, துணி சொல்லவில்லை

உள்பக்கத்திலிருந்து துணியை வாயோடு சேர்த்துப் பிடித்து ஊதுங்கள். காற்று தாராளமாக மறுபக்கம் போனால் அது வெறும் விண்ட்சீட்டர். அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் சரி. காற்றை மிகச் சிறிய அளவில் விடும்படியே செய்த மெம்பிரேன்களும் உண்டு, ஆனால் அவற்றிலும் தம் கட்டி ஊதினால்தான் ஏதோ கொஞ்சம் போகும்.

அட்டையின் சொற்களையும் கூர்ந்து பாருங்கள். 'வாட்டர் ரிப்பெலன்ட்', 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' இரண்டும் தூறல் தாங்கும் என்பதற்கு மேல் எதையும் உறுதி சொல்வதில்லை. 'வாட்டர்ப்ரூஃப்' என்றால் ஓர் எண் இருக்க வேண்டும். துணிமேல் எத்தனை மி.மீ. உயர நீர்த்தூண் நின்றால் நீர் கசியத் தொடங்குகிறது என்பதே அந்த எண். 10,000 என்றால் பத்து மீட்டர் தண்ணீர். வெறுமனே விழும் மழைக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் பத்துக் கிலோ ரக்சாக்கின் பட்டை தோளில் அழுத்தும்போதும், ஈரப் பாறையில் முழங்கையை ஊன்றும்போதும் அழுத்தம் பல மடங்காகிறது. முதுகில் சுமையோடு நாள் முழுக்க மழையில் நடக்க 10,000 குறைந்தபட்சம், 20,000 நிம்மதி.

வியர்வை ஆவியை வெளியேற்றும் திறனுக்கான எண்ணை அவ்வளவு நம்ப முடியாது. ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் ஆவியை விடும் என்று போடுவார்கள். ஆனால் சோதனை முறைகள் பல. ஒரே துணி ஒரு முறையில் வாங்கும் மதிப்பெண் இன்னொரு முறையில் பாதிக்கும் கீழே போகும். முறையின் பெயர் போடாத இரண்டு எண்களை ஒப்பிடுவது ரூபாயையும் டாலரையும் ஒப்பிடுவது போல. ஆர்இடி என்ற அளவு கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள்: அது ஆவிக்குத் துணி காட்டும் தடை, எனவே குறையக் குறைய நல்லது. 6-க்குக் கீழே மிக நன்று, 13 வரை ஏற்றத்துக்கு ஆகும், 20-ஐத் தாண்டினால் விட்டுவிடலாம்.

இனி ஜாக்கெட்டை உள்வெளியாகத் திருப்புங்கள். ஊசி போன ஒவ்வொரு துளையும் நீர் புகும் வழி. அதனால் தையல் ஒவ்வொன்றின் மேலும் பிளாஸ்டிக் டேப் சூடாக ஒட்டியிருக்க வேண்டும். தோள், ஹூட்டின் நடு, அக்குள், பாக்கெட் ஓரம் என்று விரலால் தடவிக்கொண்டே போங்கள். தோளிலும் ஹூட்டிலும் மட்டும் டேப் ஒட்டிவிட்டு விலாப்புறத்தை விட்டுவிடுவது மலிவு மாடல்களில் வழக்கம். நான்கு தையல்கள் கூடும் அக்குள் முனையில் டேப் சுருங்கியோ தூக்கியோ இருந்தால் முதலில் ஒழுகப்போவது அங்கேதான்.

அதோடு மார்பில் உள்ள லோகோவின் முதுகைப் பாருங்கள். நூலால் எம்பிராய்டரி போட்டிருந்தால் அந்தச் சின்ன வட்டத்துக்குள் நூற்றுக்கணக்கான ஊசித்துளைகள். உள்ளிருந்து அதன்மேல் ஒரு பட்டி ஒட்டி அடைத்திருந்தால் சரி. அடைக்காமல் நூல்முடிச்சு தெரிந்தால், செய்தவருக்கு மழை ஜாக்கெட் பற்றிய கவலையே இல்லை என்று பொருள். காட்மாண்டுவின் தமேல் கடைத்தெருவில் தொங்கும் பிரபல பெயர்களின் நகல்களைப் பிரித்தறிய, ஹாலோகிராம் அட்டையைவிட இந்த லோகோ முதுகும் அக்குள் டேப்பும் நம்பகமானவை. நகல் என்று தெரிந்தே விண்ட்சீட்டர் விலைக்கு வாங்குவது வேறு விஷயம்.

உள்பக்கம் அடுக்குக் கணக்கையும் சொல்லிவிடும். தனியாகத் தொங்கும் வலை லைனிங் இருந்தால் இரண்டு அடுக்கு: கனம், காயத் தாமதம். பளபளப்பான பரப்பில் புள்ளியோ கோடோ அச்சிட்டிருந்தால் இரண்டரை அடுக்கு: எடை 200 முதல் 350 கிராம், சுருட்டினால் கைக்குள் அடங்கும், ஆனால் வெறும் கையில் ஒட்டும், வியர்வைக்கும் சிராய்ப்புக்கும் சீக்கிரம் தேயும். மெல்லிய பின்னல்துணி ஒட்டியே இருந்தால் மூன்று அடுக்கு: 400 முதல் 600 கிராம், விலை கூடுதல், பனிக்கோடரியும் கயிறும் உள்ள இடத்துக்கு இதுதான். அங்கே வெளித்துணியும் 40 டெனியருக்கு (நூலின் பருமன் அளவு) குறையாமல் இருக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை ஐந்து நாள் ட்ரெக் போகிறவருக்கு நல்ல இரண்டரை அடுக்கு தாராளம்.

உள்பக்கம் பிசுபிசுக்கிறது, செதில் உதிர்கிறது, புளித்த வாடை வருகிறது

உடனே திருப்பிக் கொடுங்கள். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

மலிவு ஜாக்கெட்டுகளில் நீரைத் தடுப்பது பாலியூரித்தேன் பூச்சு. வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்தால் அதன் வேதிப்பிணைப்பு நீரினாலேயே மெல்ல அறுபடும். முதலில் பிசுபிசுப்பு, பிறகு வாந்தி வாடை போன்ற ஒரு புளிப்பு, கடைசியில் வெள்ளைச் செதில். யாரும் ஒருமுறைகூடப் போடாமல் மடித்து வைத்த புத்தம்புது ஜாக்கெட்டுக்கும் இதே கதி. சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊரின் தகரக்கூரைக் கிடங்கு இதற்கென்றே அமைந்த அடுப்பு. கோர்-டெக்ஸ் வகை மெம்பிரேன் இப்படிக் கரையாது என்றாலும், அதோடு சேர்த்து ஒட்டிய பூச்சும் பசையும் காலப்போக்கில் விடும்.

சோதனை எளிது. ஹூட்டின் உள்பக்கத்தையும் முதுகின் கழுத்தோரத்தையும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இடையே பிடித்து, இரண்டு பரப்பையும் ஒன்றோடொன்று பத்துமுறை அழுத்தித் தேயுங்கள். விரலில் மாவு போல ஒட்டினாலோ, பிரிக்கும்போது டேப் பிரிவது போன்ற சத்தம் கேட்டாலோ பூச்சு போய்விட்டது. அடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே துணியைச் சாய்த்துப் பிடித்து வெளிப்புறத்தைப் பாருங்கள். அப்பளம் பொரிந்தாற்போல் கொப்புளம் தெரிந்தால் அடுக்குகள் பிரியத் தொடங்கிவிட்டன. ஒரு ரூபாய் அளவுக் கொப்புளம் ஒரு பருவத்தில் உள்ளங்கை அளவாகும்.

சந்தேகம் தீரவில்லையா? ஒரு எவர்சில்வர் டம்ளரின் வாயில் துணியின் ஒரு பகுதியை, ஜாக்கெட்டின் உள்பக்கம் கீழ்நோக்கி இருக்கும்படி, நடுவில் குழிவாக விட்டு ரப்பர் பேண்டால் கட்டுங்கள். குழியில் இரண்டு செ.மீ. தண்ணீர் ஊற்றி இரண்டு மணி நேரம் விடுங்கள். இது வெறும் 20 மி.மீ. அழுத்தம், 10,000 என்று பெயர் வாங்கிய துணிக்கு ஒன்றுமே இல்லை. அடியில் ஒரு சொட்டுத் தொங்கினாலும், விரல் தொட்டு ஈரமானாலும் துணி தேறவில்லை. தோள், முதுகு, முழங்கை என்று மூன்று இடத்தில் செய்து பாருங்கள்.

வெளித்துணி நீரைக் குடித்துக் கறுத்துப்போகிறது

இதைப் பார்த்துத்தான் அதிகம் பேர் ஜாக்கெட் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். பெரும்பாலும் இல்லை. தாமரை இலையில் போல நீர் உருள்வது வெளித்துணியின்மேல் உள்ள பூச்சால். நீரை உண்மையில் நிறுத்துவது அதற்கு அடியில் உள்ள மெம்பிரேன், மலிவு மாடலில் மேலே சொன்ன பாலியூரித்தேன். இந்த வெளிப்பூச்சு போனால் ஒழுகாது. ஆனால் வெளித்துணி ஈரச்சாக்கு போலாகி, ஆவி போகும் வழி அடைபட்டு, உடம்பைச் சில்லிட வைக்கும். அந்தச் சில்லிப்பையும் உள்ளே தேங்கும் வியர்வையையும் சேர்த்து ஒழுகல் என்று நினைத்துவிடுகிறோம்.

கடையில் பிரித்துப் பார்த்த சரக்கிலும் பழைய சரக்கிலும் இது சகஜம். அழுக்கு, கைப்பிசுக்கு, சென்ட் போதும் பூச்சை மூட. பூச்சு இன்னும் உயிரோடு இருந்தால் ஒரு துவையலும் கொஞ்சம் சூடும் அதை எழுப்பிவிடும். ஆனால் துவைத்த பிறகு திருப்பித் தர முடியாது என்பதால், வைத்துக்கொள்வதென்று முடிவான பிறகே இதில் இறங்குங்கள்.

ஜிப், வெல்க்ரோ எல்லாவற்றையும் மூடுங்கள். ஒரு பக்கெட் வெதுவெதுப்பான நீர், 30 முதல் 40 டிகிரி செல்சியஸ். அதில் இத்தகைய துணிக்கென்று விற்கும் திரவ சோப்பு, இல்லையென்றால் வாசனை குறைந்த சாதாரண திரவ டிடர்ஜென்ட் ஒரு மேசைக்கரண்டி. பவுடர் வேண்டாம், ப்ளீச் வேண்டாம், ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டவே வேண்டாம்: அது நூலின்மேல் படலமாகப் படிந்து நீரை வா வா என்று கூப்பிடும். கழுத்தும் கைமுனையும் அழுக்கு சேரும் இடம், மெல்லிய ஸ்பாஞ்சால் தேயுங்கள். நுரை முழுக்கப் போகும்வரை இரண்டு, மூன்று முறை அலசுங்கள். மிஞ்சிய சோப்பும் நீரை இழுக்கும். முறுக்கிப் பிழியாதீர்கள். மெஷினில் ஸ்பின்னும் போடாதீர்கள்: நீர் வெளியேறாமல் ஜாக்கெட்டுக்குள் பைபோலத் தேங்கினால் டிரம் ஒருபக்கமாக எகிறும். வாஷிங் மெஷின் கையேடுகளே வாட்டர்ப்ரூஃப் துணியைப் பற்றி எச்சரிப்பது இதற்காகத்தான்.

நிழலில் காயவிட்டு, பிறகு சூடு. டிரையர் உள்ளவர்கள் மிதமான சூட்டில் 20 நிமிடம். இல்லாதவர்கள் இஸ்திரிப் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல், நடுவே ஒரு பருத்தித் துண்டை விரித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். ஜாக்கெட்டின் பராமரிப்புச் சீட்டில் இஸ்திரிப் பெட்டியின்மேல் பெருக்கல் குறி இருந்தால் இதைச் செய்யாதீர்கள்; ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்துக் காட்டினால் போதும். பின்னர் கை நிறைய நீரை அள்ளித் தெளியுங்கள். முத்து முத்தாக உருண்டால் முடிந்தது. படர்ந்து ஊறினால் பூச்சே போய்விட்டது. புதிதாகப் போட வேண்டும். இரண்டு அடுக்கு ஜாக்கெட்டுக்கு ஸ்ப்ரேதான் சரி. நீரில் கலந்து ஊறவைக்கும் வகை உள் லைனிங்கையும் பூசிவிடும், அது வியர்வையை உறிஞ்சாமல் போகும். ஃபுளோரின் இல்லாத புதிய ஜாக்கெட்டுகளுக்கு இந்தத் துவையல் இன்னும் அடிக்கடி தேவை.

உள்ளே ஈரம்: மழையா, வியர்வையா?

இதைப் பிரித்தறியாமல் எதைச் செய்தாலும் வீண். குளியலறையில் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

1. வெளிர் சாம்பல் நிறப் பருத்திச் சட்டை ஒன்றைக் காய்ந்த நிலையில் போடுங்கள். அந்த நிறத்தில்தான் சிறு ஈரமும் கறையாகத் தெரியும்.
2. ஜாக்கெட்டை மாட்டி, ஜிப்பைத் தாடைவரை ஏற்றி, ஹூட், கைமுனை, அடிவிளிம்பு எல்லாவற்றையும் இறுக்குங்கள்.
3. ஆறிய நீர் ஷவரின் கீழ் அசையாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். வெந்நீர் கூடாது, அசைவும் கூடாது. வியர்வை வந்துவிட்டால் சோதனை கெட்டது. ஐந்தாவது நிமிடத்தில் கைகளை ஒருமுறை மேலே தூக்கி இறக்குங்கள்.
4. வெளிப்புறத்தைத் துண்டால் ஒற்றிவிட்டுக் கழற்றி, சட்டையில் ஈரம் எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள்.
5. காய்ந்த சட்டை மாற்றி, எட்டுப் பத்துக் கிலோ ரக்சாக்கை மாட்டிக்கொண்டு மறுபடி பத்து நிமிடம்.

இரண்டு முறையும் சட்டை காய்ந்திருந்தால் ஜாக்கெட் குற்றமற்றது. மலையில் உள்ளே நனைந்தால் அது உங்கள் வியர்வை. ஈரம் தையலை ஒட்டிக் கோடாக இருந்தால் டேப் விட்டிருக்கிறது. முதுகு முழுக்க, தோள் முழுக்கப் பரவலாக இருந்தால் மெம்பிரேன். கழுத்து, மார்பின் நடுக்கோடு, மணிக்கட்டு என்றால் அமைப்பு அல்லது மாட்டிய விதம். அதற்குக் கீழே வருவோம்.

வியர்வைதான் என்று தெரிந்த பின்னும், விலையுயர்ந்த ஜாக்கெட் வாங்கியிருக்கலாமோ என்ற ஏக்கம் வரும். கணக்கைப் பாருங்கள். 10,000 கிராம் என்று போட்ட துணி, ஆய்வுக்கூடத்து நல்ல சூழலில், சதுர மீட்டருக்கு மணிக்கு ஏறக்குறைய 417 கிராம் ஆவியை விடும். செங்குத்தான ஏற்றத்தில் சுமையோடு நடப்பவருக்கு மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர்வரை வியர்வை சாதாரணம். அதோடு ஆவி தானாக வெளியே போவதில்லை. உள்ளே ஆவியழுத்தம் அதிகம், வெளியே குறைவு என்ற வேறுபாடுதான் அதைத் தள்ளுகிறது. 35 டிகிரி தோலருகே நிறைந்த ஆவியின் அழுத்தம் சுமார் 5.6 கிலோபாஸ்கல். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆடி மழையில், 25 டிகிரியும் 95 சதவீத ஈரப்பதமும் இருந்தால் வெளியே 3 கிலோபாஸ்கல், தள்ளுவிசை 2.6 மட்டுமே. பூச்சியம் டிகிரியில் வெளியே 0.6, தள்ளுவிசை ஐந்தை எட்டுகிறது. இதே ஜாக்கெட் இமயத்தில் நன்றாகவும் வயநாட்டில் மோசமாகவும் இருப்பதற்குக் காரணம் துணியில் இல்லை. குளிரிலும் ஒரு சிக்கல் உண்டு: ஜாக்கெட்டின் உள்சுவர் சில்லிட்டிருப்பதால் போகும் ஆவி அங்கேயே நீர்த்துளியாகப் படியும், சிலசமயம் மெல்லிய உறைபனியாகவும்.

ஆகவே ஆவி எண்ணைவிடக் காற்றோட்டத்துக்குக் காசு கொடுங்கள். விலாவிலிருந்து கைவரை 25, 30 செ.மீ. நீளத்துக்குத் திறக்கும் அக்குள் ஜிப், அதுவும் இரண்டு முனையிலிருந்தும் திறப்பது, எந்த மெம்பிரேனும் செய்யாத வேலையைச் செய்யும். தள்ளுபடியில் இரண்டு ஜாக்கெட் சம விலைக்கு இருந்தால் அக்குள் ஜிப் உள்ளதை எடுங்கள். நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். ஃப்ளீஸை (கம்பளிபோன்ற செயற்கை இழை மேலாடை) கழற்றிவிட்டு மெல்லிய செயற்கை இழைச் சட்டையின்மேல் நேரடியாக ஜாக்கெட் போடுங்கள். ஏற்றத்தில் ஹூட்டையும் கைமுனையையும் தளர்த்துங்கள். மழை விட்ட மறுநிமிடம் கழற்றுங்கள்.

கழுத்தில், தோளில், மணிக்கட்டில் மட்டும் ஈரம்

கழுத்து நனைவதில் பாதி, ஹூட்டின் பின் நாடாவை இறுக்காததால். இறுக்கினால் விளிம்பு முகத்தோடு திரும்ப வேண்டும். கண்ணாடி முன் நின்று தலையை இடப்பக்கம் திருப்புங்கள்: ஹூட் அப்படியே நின்று உங்கள் கண் துணியைப் பார்த்தால், ஆற்றைக் கடக்கும் இடத்தில் ஆபத்து. ஹூட்டின் முன்னால் கம்பியோ கெட்டிப் பட்டியோ வைத்த சிறு கூரை இருக்க வேண்டும்; இல்லாததில் நெற்றி நீர் நேராகக் கழுத்துக்குள் வடியும். மலிவு மாடலில் முதலில் மிச்சம்பிடிப்பது இந்தப் பட்டியில்தான். விளிம்பு வைத்த தொப்பியை உள்ளே போட்டுச் சமாளிக்கலாம்.

தோள்: ரக்சாக் பட்டையின் ஃபோம் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு அழுத்திக்கொண்டே இருக்கும். ரக்சாக்கோடு நின்றபோது மட்டும் தோள் நனைந்தால் துணி அந்த அழுத்தத்தைத் தாங்கவில்லை. கெடு இருந்தால் திருப்பித் தாருங்கள்.

மணிக்கட்டு நனைந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஜாக்கெட்டை அல்ல, உள்ளே போட்டதை. தெர்மல் அல்லது ஃப்ளீஸின் கை ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் விளக்குத்திரி எண்ணெய் இழுப்பதுபோல் முழங்கைவரை நீரை ஏற்றிவிடும். பருத்திச் சட்டையின் அடிவிளிம்பு ஜாக்கெட்டுக்குக் கீழே தொங்கினாலும் இதே கதை. உள்கையை மடித்து உள்ளே தள்ளி வெல்க்ரோவை இறுக்குங்கள். ட்ரெக்கிங் கம்பைத் தோளுயரத்துக்கு மேல் பிடிக்கும் ஏற்றங்களில் கைவழி நீர் இறங்குவது தவிர்க்க முடியாதது.

மார்பின் நடுக்கோட்டில் ஈரம் என்றால் ஜிப். ரப்பர் போன்ற படலம் ஒட்டிய ஜிப் நீரைத் தாமதப்படுத்தும், முழுக்கத் தடுக்காது. உள்ளே இரண்டு மூன்று செ.மீ. அகலத்தில் ஒரு மடிப்பு ஓடினால் கசிந்தது அங்கேயே நின்று கீழே வடிந்துவிடும். மடிப்பில்லாத மலிவு மாடலில் சட்டை நனைந்தே தீரும். பாக்கெட் ஜிப்பும் அப்படித்தான். போனையும் வன அனுமதிச் சீட்டையும் ஜிப்லாக் உறையில் வையுங்கள்.

கை தூக்கினால் இடுப்பு தெரிகிறது, பாக்கெட்டுக்குள் கை போகவில்லை

அளவு பார்க்கும்போது ஃப்ளீஸும் மெல்லிய டவுன் (பறவைத் தூவி அடைத்த) ஜாக்கெட்டும் உள்ளே போட்டுப் பாருங்கள். இரண்டு கையையும் தலைக்குமேல் நீட்டினால் விளிம்பு பெல்ட்டுக்கு மேல் ஏறக் கூடாது. கைமுனை மணிக்கட்டை விட்டு நகரக் கூடாது. ரக்சாக்கின் இடுப்புப் பட்டையைப் பூட்டிய பிறகும் பாக்கெட்டின் வாய் வெளியே தெரிய வேண்டும். கயிற்றோடு பிணைக்கும் ஹார்னெஸை இடுப்பில் கட்டும் ஏற்றமென்றால் பாக்கெட் மார்புயரத்தில் இருப்பது நல்லது, ஜிப் கீழிருந்தும் திறக்க வேண்டும். ஹெல்மெட் போட்டு, ஹூட்டை அதன்மேல் இழுத்து, ஜிப்பைத் தாடைவரை ஏற்றி மேலே பாருங்கள். கழுத்து பிடித்தால் ஆகாது. மலை ஹெல்மெட் கையில் இல்லையென்றால் சைக்கிள் ஹெல்மெட் போதும். பைக் ஹெல்மெட்டோடு கடைக்குப் போகாதீர்கள், அது எந்த ஹூட்டுக்குள்ளும் நுழையாது.

நனையவில்லை, ஆனால் குளிர்கிறது

குறையில்லை. மழை ஜாக்கெட் காற்றையும் நீரையும் தடுக்கும், சூடு தராது. சூடு உள்ளே போடும் அடுக்கின் வேலை. அதற்காகப் பஞ்சு வைத்துத் தைத்த 'ஸ்னோ ஜாக்கெட்'டை மழைக்கு எடுத்துப் போகாதீர்கள். கேதார்காண்டா சிகரத்தின் உலர்ந்த டிசம்பர் பனி அதன்மேல் படிந்தால் தட்டினால் உதிரும், ஜூலை மழையில் அது ஊறினால் இரண்டு நாளானாலும் காயாது.

சிறு கிழிசல், டேப் தூக்கியிருக்கிறது

கிழிசலுக்காகவே விலை குறைத்த ஜாக்கெட் சிலசமயம் நல்ல வேட்டை. வெளித்துணியின் நடுவில் இரண்டு செ.மீ. வெட்டு என்றால் சரிசெய்துவிடலாம். ஜிப் ஓரம், டேப்பின்மேல், அக்குள் என்றால் விட்டுவிடுங்கள். கிழிசலைச் சுற்றிச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, ஒட்டும் நைலான் பட்டியைக் கிழிசலைவிட ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை செ.மீ. பெரிதாக வெட்டுங்கள். மூலைகளை வட்டமாக்குங்கள், கூர்மூலைதான் முதலில் பெயரும். ஸ்பூனின் முதுகால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தித் தேய்த்து, ஒரு நாள் விட்டு நனையுங்கள். ஊசியும் நூலும் எடுக்காதீர்கள், ஒரு துளை அடைக்கப் போய் இருபது துளை போட்ட கணக்காகும்.

தூக்கிய டேப்பின் அடியில் யூரித்தேன் சீம் சீலரை (தையலை அடைக்கும் பசை) மெல்லிய படலமாகத் தடவி, இடையே பிளாஸ்டிக் தாள் வைத்து, கனமான புத்தகத்தின் கீழ் ஓரிரவு. சிலிக்கான் பசை பாலியூரித்தேன்மேல் பிடிக்காது. ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை காய்ந்ததும் கண்ணாடியாக இறுகி, முதல் மடிப்பிலேயே வெடிக்கும். ஒரு விரல் நீளம் தூக்கியிருந்தால் இப்படி ஒட்டலாம். மூன்று நான்கு இடங்களில் தூக்கியிருந்தால் பசை முழுக்கவே ஆயுள் முடிந்திருக்கிறது. ஒன்றை ஒட்டினால் அடுத்தது கிளம்பும்.

வைத்துக்கொள்வது என்று முடிவான ஜாக்கெட்டை உறையில் அமுக்கி பீரோ மேலே போடாதீர்கள், கார் டிக்கியில் விடவே விடாதீர்கள். முழுக்கக் காய்ந்தபின் காற்றாடும் அறையில் ஹேங்கரில் தொங்கவிடுங்கள். அடுத்த பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு டம்ளரும் ரப்பர் பேண்டும் மறுபடி எடுங்கள்.